தேவகன்னிக்கு ஒரு நீலச் சேலை

பிப்ரவரி 6, திங்கள்

காலை பத்து மணிக்கு முதல் அத்தியாயம் இணையதளத்தில் ஏறிவிட்டது. நாவலின் பெயர் ‘நீ ஒளித்த வானம்’. எழுதியவர் வசுமதி என்று போட்டிருக்கிறது. உண்மையில் எழுதியது தணிகாசலமாகிய நான். வயது அறுபத்தெட்டு, இருப்பது உறையூரில், அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவன். இது தெரிந்தால் மலேசியா முதல் மன்னார்குடி வரை என் வாசகிகள் போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

இருபத்தைந்து வருஷமாக இந்தப் பெயரில்தான் எழுதுகிறேன். மாத நாவல் காலத்தில் பதிப்பாளர் ஒருவர், காதல் கதைக்குப் பெண் பெயர் இருந்தால்தான் கடையில் கை நீட்டி எடுக்கிறார்கள் என்றார். வீட்டுக்கு வந்து வசுமதியிடம், “உன் பேரைப் போட்டுக்கட்டுமா?” என்று கேட்டேன். வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே, “அதையும் எடுத்துக்குங்க” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுத்தே பேசத் தெரியாதவள். நான் எழுதிய ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது பேயும் தேவதையும் கலந்த காதலுக்குத்தான் மவுசு. பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற கதையை எடுத்து, பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற மாதிரி எழுதித் தரச் சொல்லிப் போட்டி வைத்திருக்கிறார் தளத்தை நடத்தும் பிரமீளா மேடம். திங்களும் வியாழனும் ஓர் அத்தியாயம், ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் முடிக்க வேண்டும். அத்தியாயம் போடுவதை இவர்கள் ‘யூடி’ என்கிறார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை.

நான் எடுத்துக்கொண்டது தேவகன்னியின் சேலைக் கதை. கொல்லிமலை அருவிக்கு ஏழு தேவகன்னிகள் குளிக்க வருகிறார்கள். கரையில் கழற்றி வைத்த சேலைகளில் ஒன்றை ஒருவன் எடுத்து ஒளித்துவிடுகிறான். சேலை இல்லாமல் அவளால் பறக்க முடியாது. அவனையே கட்டிக்கொண்டு குடும்பம் நடத்துகிறாள். என் நாவலில் அவன் மிளகுத் தோட்ட முதலாளி ருத்ரேஷ். ஆறடி, முன்கோபி, தாடி. அவள் மேகவர்ணா. பதினாலு அத்தியாயத்தில் முடித்துவிடலாம்.

வசுமதி போய் மூன்று மாதம் ஆகிறது. இதை வாசகிகளுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

பிப்ரவரி 9, வியாழன்

இரண்டாம் அத்தியாயத்தில் ருத்ரேஷ் சேலையை ஒளித்தான். நூற்றுப் பதினேழு பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள். ‘அவ்வளவு காதல், அதனால்தான் ஒளித்தான் பாவம்.’ ‘இப்படி ஒருத்தன் என் சேலையை ஒளிக்க மாட்டானா.’ எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். மனசுக்கு இதமாக இருந்தது. வெந்நீரில் கால் வைத்த மாதிரி.

ஒருத்தி மட்டும், ‘போகணுமா இருக்கணுமா என்று அவளிடம் கேட்டானா?’ என்று எழுதியிருந்தாள். அதற்குப் பதில் போடவில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லின் மேல் வசுமதியின் எவர்சில்வர் டப்பா இருக்கிறது. மழை பெய்தால் அதில் விழும் தண்ணீரைப் பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து அளப்பாள். ஒரு நோட்டில் குறிப்பாள். இது என்ன பைத்தியம் என்று கேலி செய்திருக்கிறேன். சில பெண்கள் கோலம் போடுகிறார்கள், இவள் மழை அளக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

இன்று துணி காயப்போடப் போன சவரியம்மா, டப்பாவில் இரண்டு விரல் தண்ணீர் நிற்கிறது என்றாள். சவரியம்மா பதினைந்து வருஷமாக இங்கே வேலை செய்பவள். தொட்டி வழிந்திருக்கும் என்பது அவள் கட்சி. மோட்டார் ரிப்பேராகி இரண்டு நாளாகத் தொட்டியே காலி. பொங்கலுக்குப் பிறகு ஊரில் பொட்டு மழை கிடையாது.

பிப்ரவரி 20, திங்கள்

மாடிப்படியில் காலடிச் சத்தம். மெட்டி கல்லில் உரசுகிற சத்தமும் கூடவே. சரியாகக் காலை எட்டரை மணி. பட்டப்பகல், தெருவில் கீரைக்காரி கூவுகிறாள், குக்கர் விசிலடிக்கிறது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்தால் நின்றுவிடுமோ என்று தோன்றியது. மேலே போய், கொஞ்ச நேரம் இருந்து, இறங்கி வந்த சத்தம். பிறகு கூடத்தில் மழை விழுந்த சிமெண்டுத் தரையின் வாசனை.

மெட்டியை எரியூட்டும் முன்பே கழற்றி ஆனந்தியிடம் கொடுத்தாயிற்று. என் மகள் ஆனந்தி புனேயில் இருக்கிறாள்.

பயம் வரவில்லை. அதை இங்கே எழுதி வைக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

பிப்ரவரி 21, செவ்வாய்

இன்றும் எட்டரை. இரண்டு டம்ளரில் காபி கலந்தேன்.

பிப்ரவரி 27, திங்கள்

ஆனந்தி போன் செய்தாள். எங்கள் கல்யாணப் படத்தைப் பெரிதாக்கிப் போட வேண்டுமாம். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி, போனில் நேராகப் பிடித்து அனுப்பச் சொன்னாள். கண்ணாடியோடு எடுத்தால் வெளிச்சம் அடிக்கிறதாம். சட்டம் பழசு, கழற்றினால் உடைந்துவிடும் என்றேன். கடையில் கொடுங்கள் என்றாள். சரி, பார்க்கலாம் என்றேன்.

சவரியம்மாவிடம் அந்தப் படத்தைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முன்பே ஆயிரம் தடவை சொன்னதுதான் என்றாள்.

மார்ச் 6, திங்கள்

வேடிக்கையைக் கேளுங்கள். மலேசியாவிலிருந்து கூரியரில் ஒரு சேலை வந்திருக்கிறது. அனுப்பியவள் கெடாவில் இருக்கும் திலகா என்ற வாசகி. நாலு வருஷமாக என் கதை, அதாவது வசுமதியின் கதை, ஒன்று விடாமல் படிப்பவள். நல்ல நீலம், ஓரத்தில் மெல்லிய வெள்ளி ஜரிகை. ‘மேகவர்ணாவின் சேலை இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது அக்கா. பிறந்த நாளுக்குக் கட்டிக்கொள்ளுங்கள்’ என்று சீட்டு வைத்திருந்தாள்.

முழங்கால் வலியில் படுத்திருக்கிறேன், சேலை மிக அழகு தங்கையே என்று வசுமதியாகப் பதில் எழுதினேன். அனுப்பிய பிறகு ஒரு மாதிரி இருந்தது.

வசுமதிக்கு நான் இப்படி ஒரு சேலை எடுத்துக் கொடுத்ததில்லை. கேட்டால்தானே எடுப்பது. ஒரு தீபாவளிக்கு, “எனக்கு ஒண்ணும் வேணாம்” என்றாள். அதோடு சரி, கடைசி வரை எதுவும் கேட்டதில்லை. சேலை, நகை, சினிமா, கோயில் குளம், எதுவுமே. அச்சகத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உனக்கு வாய்த்தவள் தெய்வம்டா என்பார்கள்.

சேலையை பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 9, வியாழன்

நீலச் சேலை மாடிக் கொடியில் தொங்குகிறது. சொட்டச் சொட்ட ஈரம். பீரோ சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது.

சவரியம்மாவைக் கேட்டால், “நீங்கதான சார் விடியக்காலம் பக்கெட்டோட மேல போனீங்க, நான் வாசத் தெளிக்கையில பாத்தனே” என்கிறாள். பாவம், அவளுக்கும் வயசாகிவிட்டது. கண்ணுக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

காய்ந்ததும் மடித்துத் திரும்ப பீரோவில் வைத்தேன். இந்த முறை இரண்டு சுற்று பூட்டினேன்.

மார்ச் 16, வியாழன்

மேகவர்ணா சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயத்தில், ‘அவள் அவன் மார்பில் சாய்ந்து புன்னகைத்தாள்’ என்று அடித்தது நன்றாக நினைவிருக்கிறது. தளத்தில் ஏறியிருப்பது, ‘அவள் சன்னல் வழியே மேகத்தைப் பார்த்து, இன்று மழை இல்லை என்றாள்.’ வாசகிகள் இதுதான் இதுவரை வந்ததிலேயே நல்ல வரி என்கிறார்கள். நாற்பது வருஷம் பிழை திருத்தியவன் நான். என் கண்ணில் படாமல் ஒரு வரி மாறியிருக்கிறது.

காபி டம்ளர் இரண்டில் ஒன்று ஆறிப்போய் ஆடை கட்டிக் கிடக்கிறது. தினமும் அப்படித்தான். குடிக்காவிட்டால் பரவாயில்லை, வருகிறாளே.

மார்ச் 23, வியாழன்

பதினாலாம் அத்தியாயம். இன்று முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை. ருத்ரேஷின் அத்தை மகள் ஒருத்தியை வில்லியாகக் கொண்டுவந்து நுழைத்துவிட்டேன். இழுக்கிறீர்கள் அக்கா என்று வாசகிகள் முணுமுணுக்கிறார்கள்.

காரணத்தை எழுதிவிடுகிறேன், இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள். சேலை ஒளிந்திருக்கும் வரைக்கும்தான் அவள் வீட்டில் இருப்பாள். கதையின் சட்டமே அதுதான். நான் இந்த நாவலைத் தொடங்கிய பிறகுதான் வசுமதி படியேற ஆரம்பித்தாள். அவன் சேலையைக் கொடுத்துவிட்டால் கதை முடியும். கதை முடிந்தால் எட்டரை மணிக்கு இந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் இருக்கும். ஏப்ரல் பத்துக்குள் கொடுக்காமல் இருக்க ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும்.

பிரமீளா மேடம், சேலையை அவன் எரித்துவிடட்டும், அவள் மன்னித்துவிடட்டும், கண்ணீரும் முத்தமுமாக முடியுங்கள், பரிசு உங்களுக்குத்தான் என்று குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். நல்ல யோசனைதான்.

மார்ச் 27, திங்கள்

எரிக்கிற காட்சியை மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் தீக்குச்சி நமத்துப்போகிறது.

மார்ச் 29, புதன்

கல்யாணப் படத்தின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஈரம். வசுமதியின் முகத்தின் மேல் முத்து முத்தாக நிற்கிறது. வெளியே துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. இப்படியே விட்டால் படம் பாழாகிவிடும்.

மார்ச் 30, வியாழன்

யூடி போடவில்லை. பிரமீளா மேடத்தின் போனையும் எடுக்கவில்லை.

படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்போதும் தெரியும். இந்த நோட்டில் அதை எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். எழுதுகிறேன்.

கல்யாணமாகி ஆறு மாதம். 1987 ஆவணி. வசுமதி பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பே மத்திய அரசு வேலைக்குப் பரீட்சை எழுதியிருந்தாள். தினமும் தபால்காரரை எதிர்பார்த்து வாசலுக்கும் கூடத்துக்குமாக நடப்பாள். அந்தப் பதிவுத் தபால் வந்தபோது அவள் மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடை வரிசையில் நின்றாள். வீட்டில் ஆம்பிளை இருந்தால் அவனிடம் கொடுத்துவிட்டுப் போவது தபால்காரர் வழக்கம். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். போர்ட் பிளேயர் வானிலை அலுவலகத்தில் வேலை. செப்டம்பர் பதினைந்துக்குள் சேர வேண்டும்.

கடலுக்கு அந்தப் பக்கம். என்னுடையதைவிடப் பெரிய வேலை. அங்கே போனால் திரும்ப என்னிடம் வர அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது என்று நினைத்தேன். பயந்துபோய்விட்டேன். காதல் என்று ருத்ரேஷுக்கு எழுதினேனே, அது பொய். பயம்தான்.

கல்யாணப் படத்தின் பின் அட்டையை எடுத்து, உள்ளே வைத்து, அச்சகத்துக் காக்கித் தாளை ஒட்டி மூடினேன். அவள் வந்து, “தபால் எதாச்சும் வந்துச்சாங்க?” என்றாள். இல்லை என்றேன். அந்த வருஷம் முழுக்கக் கேட்டாள். அப்புறம் நிறுத்திவிட்டாள்.

இன்று படத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்தேன். பின்னால் என் காக்கித் தாள் இல்லை.

தினசரி காலண்டர் தாள்களை வரிசையாக வைத்து, மைதா பசையில் ஒட்டியிருந்தது. ஓரங்களைக் கத்தரித்திருந்த ஒழுங்கைப் பார்த்ததும் யார் கை என்று தெரிந்துவிட்டது. நடுவில் இருந்த தாள் 14 ஜூன் 1996, வெள்ளிக்கிழமை.

கடிதம் வைத்த இடத்திலேயே இருந்தது. மடிப்பு மாறியிருந்தது. சேர வேண்டிய தேதிக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு. வேறு ஒரு எழுத்து இல்லை.

மார்ச் 31, வெள்ளி

எட்டரைக்குச் சத்தம் வந்தது. நான் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 1, சனி

பரணிலிருந்து அவளுடைய மழை நோட்டுகளை இறக்கினேன். மொத்தம் பதினொன்று. முதல் நோட்டின் முதல் வரி: ‘15.6.1996. காலை 8.30. மழை இல்லை.’ படத்தை ஒட்டிய மறுநாள்.

எனக்கு எதுவும் வேண்டாம் என்று அவள் சொன்ன தீபாவளியும் அந்த வருஷத்துத் தீபாவளிதான். இருபத்தாறு வருஷம் ஒன்றுமே கேட்காதவள் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். கேட்கத் தகுந்தவன் இல்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

ஆனந்திக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். முதன்முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன்.

“தெரியும்பா” என்றாள். “எனக்கு வேலை கெடச்சப்ப, ஆர்டர் வீட்டு அட்ரஸுக்கு வர வேணாம், ஹாஸ்டலுக்கே வர மாதிரி எழுதுன்னு அம்மா சொன்னாங்க. ஏன்னு கேட்டேன். அன்னிக்குச் சொன்னாங்க.”

வசுமதி ஏன் என்னிடம் சண்டை போடவில்லை, ஏன் போய்விடவில்லை என்று கேட்டேன்.

“எங்க போறது? தேதி முடிஞ்சு ஒம்போது வருஷம் ஆயிருந்துச்சு. எனக்கு ஏழு வயசு.”

எட்டரை மணி ஏன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. நாடு முழுக்க வானிலை அலுவலகங்களில் அந்த நேரத்துக்குத்தான் மழை அளப்பார்களாம். அம்மா காய்ச்சலில் கிடந்தாலும் படியேறிவிடுவாள் என்றாள். ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது பைத்தியமாகத் தெரிந்திருக்கிறது.

என்னை மன்னித்தாளா என்று கேட்டேன். எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

“தெரியலப்பா. நான் கேக்கல. நீங்க கேட்டிருக்கணும்.”

ஏப்ரல் 6, வியாழன்

டப்பா நிறையத் தண்ணீர். சவரியம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, என் வேட்டி ஓரம் நனைந்திருப்பதைக் காட்டினாள். “அம்மா போயிட்டாங்க சார். நீங்க புடிச்சு வச்சுருக்கீங்க” என்றாள். கோபம் வந்தது. அப்புறம் வரவில்லை.

ஏப்ரல் 9, ஞாயிறு

நாள் முழுவதும் எழுதினேன். அவள் இருக்கட்டும் என்று ஒரு பக்கமும், முப்பத்தாறு வருஷம் போதாதா என்று இன்னொரு பக்கமும் இழுத்தது.

ருத்ரேஷ் சேலையை எடுத்துவந்து மேகவர்ணாவின் கையில் கொடுக்கிறான். அவள் ஆச்சரியப்படவில்லை. இது இருந்த இடம் எனக்குப் பல வருஷமாகத் தெரியும், ஒருநாள் நீ இல்லாதபோது கட்டிக்கொண்டு கூரை மேல் ஏறி நின்றேன், எனக்கான காற்று அதற்குள் போய்விட்டிருந்தது, அவிழ்த்து மடித்து அதே இடத்தில் வைத்தேன் என்கிறாள். அவன் மன்னிப்புக் கேட்கிறான். அவள் பதில் சொல்வதாக நான் எழுதவில்லை. அந்தப் பதில் என்னிடம் இல்லை. அவன் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறான். அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, திங்கள்

கடைசி அத்தியாயம் போட்டேன். கீழே நாலு வரி சேர்த்தேன். இதையும் இதற்கு முந்திய எல்லாவற்றையும் எழுதியது தணிகாசலம். வசுமதி என் மனைவி. ஐப்பசியில் இறந்துவிட்டார். அவர் பெயரைத் திருப்பிக் கொடுக்கிறேன்.

போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள். நியாயம்தான். மாலைக்குள் முந்நூறு கருத்து. முக்கால்வாசி திட்டு. மேகவர்ணா மன்னிக்காததற்குப் பாதி, நான் ஆம்பிளையாக இருப்பதற்கு மீதி. திலகா திட்டவில்லை. ‘அந்தச் சேலை உங்களுக்கு அனுப்பியதில்லை ஐயா. அவரிடம் சேர்த்துவிடுங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

ஏப்ரல் 11, செவ்வாய்

எட்டு மணிக்கே மாடிக்குப் போனேன். நீலச் சேலையைக் கொடியில் விரித்துப் போட்டேன். கிளிப் மாட்டவில்லை. கடிதத்தை டப்பாவுக்கு அடியில் செங்கல்லின் மேல் வைத்தேன். உரக்கப் பேசினேன், பக்கத்து வீட்டில் யாராவது கேட்டிருந்தாலும் சரி. “வசு, தபால் வந்துச்சு. நான்தான் ஒளிச்சு வச்சேன். இல்லைன்னு உன்கிட்டப் பொய் சொன்னேன்.” வந்து முப்பத்தாறு வருஷம் ஆன தபால்.

எட்டரைக்கு முன்பே கீழே இறங்கிவிட்டேன். மாடிக் கதவைத் திறந்தே வைத்தேன். சத்தம் மேலே போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தேன். பத்து மணி வரை இறங்கி வரவில்லை.

ஏப்ரல் 12, புதன்

காலை 8.30. டப்பா காய்ந்திருக்கிறது. மழை இல்லை. அவளுடைய நோட்டிலும் அப்படியே குறித்தேன்.

கொடியில் சேலை இல்லை. காற்றில் பறந்திருக்கும், பக்கத்து மாடிகளில் தேடிப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று சவரியம்மா கேட்டாள். வேண்டாம் என்றேன்.